உப்பைத் தின்ற ஜவ்வு

அன்பரசியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவள் என் அத்தை மகள். முறைப்படி எனக்குக் கட்டிக்கொடுத்திருக்க வேண்டியவள். பெண் கேட்டுப் போன என் அப்பாவை உட்காரவைத்து, சொம்பில் தண்ணீரும் கொடுத்து, "சொந்தத்துல கட்டினா பொறக்கிற புள்ளைங்களுக்கு நோவு வரும் மாமா. அதுவும் இல்லாம, ராஜ்குமாருக்கு எதையும் ரெண்டு தடவ சொல்லணும்" என்று சொல்லி அனுப்பியவள். முதல் காரணத்தை அப்போதே மன்னித்துவிட்டேன். இரண்டாவதை இந்தக் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன்.

பிறகு ஏன் எழுதுகிறேன்? எங்கள் ஊரில் அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மேட்டுக்கொல்லை எப்படிக் கைமாறியது என்று கேட்டால் ஒருவர் சாமி குற்றம் என்கிறார். ஒருவர் படித்த திமிர் என்கிறார். இன்னும் சிலர் என் பெயரை இழுக்கிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் என் அத்தை செல்லியம்மாள் போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. மகளோ தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டாள். மிச்சம் நான்தான்.

சின்ன வயதிலேயே அவளுக்கு நாக்கில் சனி. உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வாத்தியார் ஒருவர் ஜவ்வாது மலைக்கு அந்தப் பெயர் வந்ததே மணக்கும் ஜவ்வாதால்தான் என்று பாடம் நடத்தினார். இவள் எழுந்து, "உங்களுக்கு ஒரு நாளாவது மணந்துச்சா சார்?" என்று கேட்டாள். அறை விழுந்தது. அழவில்லை. உட்கார்ந்து, "மணக்கலன்னு அர்த்தம்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். அதற்கு இன்னொரு அறை விழுந்தது. நானும் அதே வகுப்பில்தான் இருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முறைக்கு என்னை அவள் மாமா என்று கூப்பிட வேண்டும். வருகைப் பதிவெடுப்பது போல "ராஜ்குமார்" என்பாள். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொண்டு ஜீப் ஓட்டப் போனேன். மலையிலிருந்து ஆட்களையும் சாமையையும் புளியையும் கண்ணமங்கலத்தில் இறக்குவேன். திரும்பும்போது உப்பு மூட்டை, கருவாடு, சிமெண்டு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு வருவேன். அவள் கீழே போய் வேதியியலில் முதுகலை வரைக்கும் படித்து, கண்ணமங்கலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கேயும் அவளை யாருக்கும் பிடிக்காது. துறைத் தலைவருடைய கட்டுரையில் ஒரு வரைபடம் தப்பு என்று அவருடைய மாணவர்கள் எதிரிலேயே சொன்னவள், வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனால் ராப்பகலாக வேலை செய்கிறவளை வெளியே அனுப்பவும் அவர்களுக்கு மனசில்லை. சாயங்காலம் வகுப்புகள் முடிந்ததும் லேப் அவள் ராஜ்ஜியம்தான்.

அந்த ராஜ்ஜியத்துக்குப் புளியங்கொட்டை மூட்டை கொண்டுபோய்ப் போடுவது நான். எங்கள் பெண்கள் புளியைக் குத்திக் கொட்டையை எடுத்து ஓரமாகக் கொட்டிவைத்திருப்பார்கள். அதை அன்பரசி வறுத்து, தோலை நீக்கி, மாவாக அரைத்து, கொதிநீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி வரும். ஆரணிப் பக்கம் தறிக்காரர்களைக் கேட்டால் அதுவரைக்கும் அவர்களுக்கும் தெரியும். அதற்கு மேல்தான் இவள் வேலை. மூக்கைப் பொசுக்கும் ஏதோ ஒரு அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் சாந்தப்படுத்தி அந்தக் கஞ்சியில் ஊற்றுவாள். நூலையும் நூலையும் முடிச்சுப் போட ஒரு மருந்து, வேலையைத் தொடங்கிவைக்க ஒரு மருந்து. எல்லாவற்றையும் சுடுநீரில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், கஞ்சி திடீரென்று அல்வா பதத்துக்கு இறுகும். அதைத் துண்டு போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, அடுப்புப் பெட்டியில் காயவைத்தால் கற்கண்டு போல ஆகிவிடும். அந்தக் கற்கண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் உள்ளங்கை கொள்ளாத அளவுக்கு ஊதிக்கொள்ளும். மண்ணில் புதைத்துவைத்தால் மழைத் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு, மண் காயும்போது வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கல்லூரியில் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் ஜவ்வு என்றார்கள். அவளுக்கு ஜவ்வு அன்பரசி என்று பெயர் நிலைத்துவிட்டது.

செய்வதைவிடச் சோதிப்பதில்தான் அவளுக்குப் பித்து. சின்னச் சின்னத் துணிப் பைகளில் ஒரே எடை ஜவ்வைப் போட்டு, டீத்தூள் பையை முக்குவது போல ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தண்ணீரில் முக்கித் தொங்கவிடுவாள். மழைத் தண்ணீர், கண்ணமங்கலம் போர்வெல் தண்ணீர், எலுமிச்சை பிழிந்தது, சுண்ணாம்பு கரைத்தது, உப்புத் தண்ணீர். சொட்டு நின்றதும் எடுத்து நிறுத்துப் பார்ப்பாள். மழைத் தண்ணீரில் போட்டது பை கிழிகிற மாதிரி இருக்கும். போர் தண்ணீரில் பாதி. உப்புத் தண்ணீரில் போட்டது ஊதவே ஊதாமல் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கிடக்கும். ஒரு தடவை நான், "இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன். "சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கும். மேல சொன்னா உனக்குப் புரியாது" என்றாள். சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பொருளை, பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு நாளும் நடந்துகொள்ளாத ஒருத்தி செய்கிறாளே என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அந்த "உனக்குப் புரியாது" எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கே அதுதான் பதில். பெற்ற தாய்க்கும் அதுதான்.

இப்போது மேட்டுக்கொல்லைக்கு வருகிறேன். அது அன்பரசியின் அப்பா விட்டுப்போன புன்செய். ஊருக்கு மேலே, காடு தொடங்கும் ஓரத்தில் சரிவாகக் கிடக்கும். மாமா செத்த பிறகு அத்தையால் ஒற்றை ஆளாக அங்கே ஏறி உழமுடியவில்லை. தரிசாகக் கிடந்தது. மாமாவின் தம்பி ராஜாக்கண்ணு எங்கள் ஊர்க்கவுண்டர், ஊர்த் தலைவர். பஞ்சாயத்து என்றால் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். அவர் கண் அந்தக் கொல்லை மேலே விழுந்து வெகு காலம் ஆயிற்று. தரிசு போட்ட நிலத்தைப் பங்காளி ஓட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம் என்று அவர் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் இருப்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஊர்க் கூட்டத்தில் அன்பரசி எழுந்து நின்றாள். "தரிசு இல்ல சித்தப்பா. நான் மாஞ்செடி வெக்கப் போறேன்."

"மேட்டுக்கொல்லையில மாஞ்செடியா? சாமையே அங்க வானத்தப் பாத்துகினு நிக்கும். மொதக் கோடையில ஒண்ணு தங்காது."

"தங்கும்."

"இன்னா வெச்சித் தங்கும்? அந்த ஜவ்வா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ராஜாக்கண்ணு சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து தீர்ப்பைச் சொன்னார். "சரி, வெச்சிப் பாரு. வர்ற கோடையத் தாண்டி செடிங்க பச்சையா நின்னா கொல்ல உங்காத்தாள்து, நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். காஞ்சிடுச்சின்னா ஆடியில நான் ஏர் பூட்டிடுவேன். அப்பால கண்ணக் கசக்கிகினு வரக்கூடாது."

அத்தைக்கு வேறு நிலம் கிடையாது. மாமா இருந்த காலத்தில் இருவரும் அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வரப்பு போட்டார்கள். அது போனால் ஊரில் அத்தைக்குப் படுக்க வீடு இருக்கும், கால் ஊன்ற இடம் இருக்காது. இது அன்பரசிக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு விறைப்பாக நின்றாள்.

தை பிறந்ததும் குழி எடுத்து, ஒட்டுக் கன்றுகளை வைத்தாள். கொல்லையில் ஒரு நீல டிரம்மை நிறுத்தினாள். ஊர் போரிலிருந்து கேன்களில் தண்ணீர் பிடித்து ஜீப்பில் கொண்டுபோய் டிரம்மில் ஊற்றுவது என் வேலை. அதில்தான் ஜவ்வை ஊறவைப்பாள். அதை மண்ணோடு பிசைந்து குழியில் போட்டு, பிறகு வாரம் ஒருமுறை அதே டிரம்மிலிருந்து செடிக்கு ஒரு சொம்பு. மலையில் மாசியிலிருந்தே காட்டுத்தீ பயம். கொல்லை காட்டு ஓரம் என்பதால் வனக்காவலர் அங்கே பீடிகூடப் பற்றவைக்க விடமாட்டார். நான் பீடியை அடக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். அதற்காக அவள் நன்றி சொன்னதில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் காய்ந்துகொண்டிருக்க, கன்றுகள் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டன. ஊர் சனம் வேடிக்கை பார்க்க ஏறி வந்தது. பெண்கள் டிரம்முக்குள் கையை விட்டு ஜவ்வை அள்ளி, "யெம்மா, எம்மாம் பெருசா கீது பாரு" என்று வாயைப் பிளந்தார்கள். "சனியன் புடிச்ச மாதிரி கைய வெக்காதீங்க" என்று அன்பரசி விரட்டினாள். அத்தை ஓரமாக நின்று வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாக்கண்ணுவும் ஒரு நாள் வந்தார். கொழுந்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பங்குனியில் இலை நுனி கருக ஆரம்பித்தது. வெயிலில் வாடுவது வேறு, இது வேறு. ஓரத்திலிருந்து நெருப்புப் பட்டது போலக் கருகி உள்ளே உள்ளே வந்தது. அன்று நான் கேன்களை இறக்கிவிட்டு அத்தை வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்பரசி ஒரு இலையைக் கொண்டுவந்து தரையில் வீசினாள்.

"யாரோ மருந்து வெச்சிட்டானுங்க" என்றாள்.

அத்தை முகம் வெளுத்துப்போனது. "மருந்தா? யாருடி?"

"யாருன்னு தெரிஞ்சா சும்மா உடுவனா?"

"இன்னா மருந்துடி? சொல்லேன்."

"உனக்குப் புரியாதும்மா. உடு."

அவள் சொன்னது களைக்கொல்லி. பொறாமை பிடித்த எவனாவது களைக்கு அடிக்கும் மருந்தைச் செடியின் மேல் அடித்துவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் எங்கள் ஊரில் மருந்து வைத்துவிட்டான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை. அத்தைக்கும் அதுதான் கேட்டது, எனக்கும் அதுதான் கேட்டது. படித்தவள்கூடப் பயந்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டு விளங்கிக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கருகல் வேகமாக ஏறியது. இவள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து கொல்லையிலேயே காவல் கிடந்தாள். எவனும் வரவில்லை. அத்தை மட்டும் தினமும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். செடிகளோ ஒவ்வொன்றாகச் செத்தன. சித்திரையில் ஒரு காலை, நான் கேன்களை இறக்கும்போது அவள் ஒரு குழியைத் தோண்டி ஜவ்வை எடுத்துக்கொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட இருக்க வேண்டியது சுருங்கி ரப்பர் போல இருந்தது. மண்ணோ ஈரமாகத்தான் இருந்தது. ஈர மண்ணுக்குள் ஜவ்வு ஏன் சுருங்க வேண்டும்? அவள் ஜவ்வை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு அதை நாக்கில் வைத்தாள். எழுந்து போய் டிரம்மில் ஒரு விரலை நனைத்து அதையும் நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

திரும்பி என் ஜீப்பைப் பார்த்தாள். பின்னால் இரண்டு உப்பு மூட்டைகள் இருந்தன. கண்ணமங்கலத்திலிருந்து ஏற்றி வந்தவை.

"நீதானா ராஜ்குமார்" என்றாள்.

"இன்னா நான்தான்?"

"தண்ணி கொண்டாந்தது நீ. உப்பு ஏத்திகினு வர்றது நீ. என் மேல காண்டுல கீறதும் நீ. வேற யாரு?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாதக் கணக்கில் பீடி குடிக்காமல் தண்ணீர் சுமந்தவனைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை இப்படிக் கேட்கிறாள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. கடைசியில், "கூட்டத்தக் கூட்டு. அம்மன் எதிர்ல வெச்சிச் சொல்லு" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போய் அத்தையிடம், "ராஜ்குமார்தான் கெடுத்துட்டான், நாளைக்குக் கூட்டம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எதைப் போட்டு, எப்படிக் கெடுத்தான் என்று அத்தை கேட்டிருக்கிறாள். கிடைத்த பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் காளியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. ராஜாக்கண்ணு நடுவில் உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான், கொல்லையைக் கேட்கிறவரும் அவர்தான். எங்கள் ஊரில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அன்பரசி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டிரம் தண்ணியில உப்பு கலந்து கீது. உப்பு பட்டா ஜவ்வு தண்ணி புடிக்காது, மாஞ்செடியும் தாங்காது. கலந்தது ராஜ்குமார்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த ஊருக்கு முதல்முதலாக வந்த விளக்கம் அதுதான்.

ராஜாக்கண்ணு என்னைப் பார்த்தார். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆவணும்டா" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஜவ்வு ஒன்றுதான் உப்பைத் தின்றால் தண்ணீர் குடிக்காது.

"நான் போடல."

"அப்போ கற்பூரத்த அண. அணைச்சிட்டா உன் மேல குத்தம் இல்ல, செடி தானா காஞ்சிதுன்னு அர்த்தம், கொல்லைய நான் ஓட்டிக்குவேன். அணைக்கலன்னா நீ செஞ்சது. அவளுக்கு இன்னொரு கோடை தர்றேன். உனக்கு இன்னா பண்றதுன்னு ஊரு பாத்துக்கும்."

கல்லின் மேல் கற்பூரம் எரிந்தது. வெறுங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது. நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அந்த நினைப்பு வந்து தொலைத்தது. மாசியில் ஒரு நாள் உப்பு மூட்டை ஒன்று ஓரம் பிரிந்து ஜீப் தளமெல்லாம் சிந்தியிருந்தது. கேன்களும் அங்கேதான் உருண்டுகொண்டிருந்தன. மூடிகள் சரியாக இருந்தனவா? நான் கலக்கவில்லை, அது நிச்சயம். ஆனால் தெரியாமல் விழுந்ததை அம்மன் எந்தப் பக்கத்தில் சேர்ப்பாள்? எனக்கு இரண்டு பிள்ளைகள். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பாத்தியா, கை நின்னுபோச்சு" என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சற்று நேரத்தில் அது கூச்சலாக மாறும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்குப் பின்னால் அத்தையின் குரல் கேட்டது. அவள் மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்றதால் என் காதிலும் விழுந்தது.

"உப்பா? மருந்துன்னுதானே சொன்ன. உப்புன்னா... நான் சுத்திப் போட்டேனே, அந்த உப்பா?"

அன்பரசி குனிந்தாள். "இன்னாம்மா சொல்ற?"

"அவளுங்க வந்து எம்மாம் பெருசுன்னு கண்ணு வெச்சாளுங்களே. கல்லுப்பு எடுத்து கொல்லைய சுத்திப் போட்டேன். அடுப்புல போடலாம்னா அங்க நெருப்பு கூடாதுன்றாங்க. கண்ணு பட்ட எடத்துலயே போடணும். அதான் டிரம் தண்ணியில போட்டேன், உப்பு கரையறாப்ல கண்ணு கரையட்டும்னு. நீ வேற மருந்து வெச்சிட்டாங்கன்ன. எனக்குக் கொல நடுங்கிப்போச்சு. அன்னிலேர்ந்து தெனமும் சோறு கொண்டாரும்போது நீ பாக்காதப்போ ரெண்டு கை போட்டேன்."

"ஏம்மா என்னாண்ட சொல்லல?"

"நீ எதச் சொல்ல உட்ட? வாயத் தொறந்தா ஒனக்குப் புரியாதுன்ற. உப்பு ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் கைய நீட்டுவனா?"

நான் திரும்பி அன்பரசியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். என் கை தயங்கியதை ஊரே பார்த்துவிட்டது. கொல்லை இன்னொரு கோடைக்கு அவளுடையது, இந்தத் தடவை உப்பில்லாத தண்ணீர், செடி கட்டாயம் தங்கும். பழி என்னுடையது. நான் கேட்டதைக் கத்திச் சொன்னாலும் குற்றவாளி பேச்சை யார் நம்புவார்கள்? அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சும்மாதான் நின்றிருப்பேன்.

அவள் முன்னால் வந்தாள். என் மணிக்கட்டை மாட்டை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டு, தன் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள். கையை உடனே எடுக்கவும் இல்லை.

"ராஜ்குமார் போடல" என்றாள். "தப்பு எங்க வூட்டுது. கொல்லைய ஓட்டிக்குங்க சித்தப்பா."

"உங்க வூட்டுலன்னா யாரு?"

"நான் பேசத் தெரியாததால வந்தது. மேல கேக்காதீங்க. சத்தியம் பண்ணிட்டேன்."

ராஜாக்கண்ணு அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கூட்டம் கலையும்போது, தானே கெடுத்துக்கொண்டு அடுத்தவன் மேல் பழி போட்டாளே என்று அவள் காதுபடப் பேசினார்கள். ஒருத்தி அவள் பக்கம் மண்ணைக்கூட அள்ளித் தூற்றினாள். அத்தை வாயைத் திறக்கப் போனாள். அன்பரசி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தை அன்றும் வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை.

வைகாசியில் அத்தையைக் கண்ணமங்கலத்துக்கே கூட்டிப் போய்விட்டாள். சாமான்களை என் ஜீப்பில்தான் ஏற்றினார்கள், மலையில் வேறு வண்டி ஏது. இறங்கும்போது வழியெல்லாம் அன்பரசி பேசிக்கொண்டே வந்தாள். என்னோடு இல்லை, அத்தையோடு. கோபமாகத்தான் பேசினாள், அவளுக்கு வேறு விதமாகப் பேச வராது. ஆனால் விளக்கமாகப் பேசினாள். ஜவ்வுக்குள் நூல் நூலாக இருக்கிறது, ஒரு நூலுக்கு இன்னொரு நூலைக் கண்டால் ஆகாது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், அந்தத் தள்ளலில் கிடைக்கிற இடத்தில்தான் தண்ணீர் வந்து உட்காருகிறது, உப்பு நடுவில் புகுந்தால் அந்தத் தள்ளல் அடங்கி எல்லாம் ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்கு இடம் இருக்காது. அத்தை கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்போ மழ பேஞ்சா?"

"உப்பக் கழுவிகினு போய்டும். மறுபடியும் குடிக்கும். கொஞ்ச வருசத்துக்கு மண்ணுலயே கெடந்து வேல செய்யும்."

"செடிதான் செத்துப்போச்சு. அது சாவலன்ற."

"ஆமாம்மா."

எனக்கும் புரிந்தது. ஒரே தடவையில் புரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் காட்டோரத்தில் ஒருவரிடம் மேய்க்க விட்டிருந்த அத்தையின் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வர மூவரும் ஜீப்பில் மேலே போனோம். மேட்டுக்கொல்லை வழியாகத்தான் பாதை. ராஜாக்கண்ணு சாமை விதைத்திருந்தார். அந்த வருடம் மழை நடுவில் ஏமாற்றிவிட்டதால் ஊர் முழுக்கச் சாமை குட்டையாக நின்றது. இந்தக் கொல்லையில் மட்டும் வட்டம் வட்டமாக, மாஞ்செடிக் குழி இருந்த இடமெல்லாம், கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. ராஜாக்கண்ணு வரப்பில் நின்றுகொண்டு, "பாத்தியாடா ராஜ்குமாரு, எல்லாம் கைராசி" என்று கத்தினார்.

நான் வண்டியை நிறுத்தினேன். "அத்தை, எறங்கிச் சொல்லிட்டு வரட்டுமா, யார் ராசின்னு?" என்றேன். அன்பரசி கற்பூரம் சுட்ட தழும்பை மற்ற கைவிரலால் தேய்த்துக்கொண்டு அந்த வட்டங்களையே பார்த்தாள். அப்படி ஆசையாக அவள் எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

அத்தை ஜன்னல் பக்கம் சாய்ந்து கொல்லையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள்.

"உடுடா, வெளையட்டும்" என்றாள். "அவன் ஓட்டினாலும் மண்ணு இவங்கப்பன்துதான். குடிக்கத் தண்ணி குடுத்தது இவ."

நான் வண்டியை எடுத்தேன்.